ஸ்கேல் அசையக் கூடாது: இணைகோடு வரைதல்

தாளில் ஒரு கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக இணைகோடு வரைய, ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள ஒரு மூலைமட்டமும் 15 செ.மீ. ஸ்கேலும் போதும்.

மூலைமட்டத்தின் நீளமான விளிம்பைக் கோட்டின்மேல் பொருத்துங்கள். கோடு குட்டை என்றால் முதலில் இருபுறமும் மெல்லிசாக நீட்டிக்கொள்ள வேண்டும். 3 செ.மீ. கோட்டில் அரை மி.மீ. பிசகினாலே கோணம் கிட்டத்தட்ட 1 டிகிரி மாறிவிடும். வரைகிற கோடு 12 செ.மீ. போவதற்குள் அந்தப் பிசகு 2 மி.மீ. ஆகிவிடும்.

இப்போது மூலைமட்டத்தின் இன்னொரு விளிம்பை ஒட்டி ஸ்கேலை வையுங்கள். இடது கை விரல்களை அகல விரித்து ஸ்கேலை அழுத்துங்கள். ஒரே விரலால் அழுத்தினால் அந்த இடத்தையே அச்சாக வைத்து ஸ்கேல் சுழலும். மூலைமட்டத்தை ஸ்கேலோடு உரசியபடி நகர்த்தி, புள்ளிக்கு ஒரு பென்சில் முனை அளவு முன்பே நிறுத்துங்கள். விளிம்பைப் புள்ளியின் மேலேயே வைத்தால் கோடு புள்ளியைத் தாண்டித்தான் விழும். வரையும்போது கட்டைவிரல் மூலைமட்டத்தின்மேல் இருக்கட்டும்.

இங்கே ஸ்கேல்தான் குறுக்குவெட்டி, அதாவது இரண்டு கோடுகளையும் வெட்டிச் செல்லும் கோடு. மூலைமட்டத்தின் கோணம் மாறாமல் அதன்மேல் நகர்வதால் ஒத்த கோணங்கள் (இரண்டு கோடுகளிலும் ஸ்கேலோடு ஒரே பக்கத்தில் அமையும் கோணங்கள்) சமம், கோடுகள் இணை. இதில் அழகான விஷயம், அந்த மூலை சரியாக 60 டிகிரியாகவோ 90 டிகிரியாகவோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முனை தேய்ந்த மூலைமட்டமும் வேலை செய்யும், விளிம்பு நேராக இருந்தால் போதும். நடுவில் அதைப் புரட்டிப் போட்டால் மட்டும் எல்லாம் போயிற்று.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஸ்கேலின் சரிவான மெல்லிய விளிம்பில் மூலைமட்டத்தை உரசினால் அது மேலேறி வழுக்கும். தடித்த விளிம்பு இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள்.

சரிபார்க்க, 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களில் செங்குத்துத் தூரம் அளந்து பாருங்கள். 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் அரை டிகிரிக்குச் சற்று மேலே தவறியிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

வரைபடத்தாள் என்றால் மூலைமட்டமே வேண்டாம். கோடு 4 கட்டம் வலப்புறம் போகும்போது 3 கட்டம் ஏறுகிறதா? புள்ளியிலிருந்தும் அதே 4, அதே 3 எண்ணி இரண்டாவது புள்ளி வையுங்கள். சாய்வு அப்படியே இருக்க, சமன்பாட்டில் மாறிலி மட்டும் மாறுகிறது என்று பத்தாம் வகுப்பில் படிப்பது இதைத்தான். இரண்டு புள்ளிகளும் ரொம்பக் கிட்டத்தில் அமைந்தால், இன்னொரு முறை எண்ணி மூன்றாவதையும் வைத்துக்கொண்டு கோட்டை இழுங்கள்.