தெர்மோமீட்டர் 94 காட்டினால் அது பழுதில்லை

நுவரெலியா ஹோட்டல்களில் வேலை பழகிவிட்டு டுபாய், மாலைதீவு என்று போகிற நம்ம பெண்பிள்ளைகள் முதல் கிழமை தடுமாறுவது சமையல் தெரியாமல் இல்லை. கை மலைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் கேஸைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. கடலையும் போஞ்சியும் அவிய நேரமெடுப்பது இதனால்தான். அதே கணக்கில் கடலோரக் கிச்சனில் பாஸ்மதியை விட்டால் குழைந்துவிடும். வழக்கமாக இறக்கும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள். நைரோபிக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதுவும் கிட்டத்தட்ட நம்ம உயரம்தான்.

தெர்மோமீட்டரை ஐஸில்தான் சரிபார்க்க வேண்டும். நொறுக்கிய ஐஸைக் கிளாஸ் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, முனை அடியில் படாமல் நடுவே பிடித்தால் 0 காட்டும். மலையில் கொதிதண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு, 94தான் வருகிறது என்று 100க்குத் திருகி வைக்கிறவர்கள் உண்டு. பிறகு கோழிக்குள் குத்தும்போது 75 என்று காட்டும், உள்ளே இருப்பது 69தான். எலும்போரம் சிவப்பாக நிற்கும்.

பொரியலிலும் வித்தியாசம் உண்டு. கீழே கோழிக்காலை 180 பாகை எண்ணெயில் போடுவோம். மலையில் 170 போதும், இல்லையென்றால் மேலே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கும். சீனிப்பாகுக்கு ரெசிப்பியில் 114 என்றிருந்தால் மலையில் 108இல் இறக்க வேண்டும். விட்டால் இறுகிவிடும். மலையில் குக்கருக்கு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

குளிர்தானே என்று இரவில் கறிப் பானையை மேசையில் விட்டுப் போகும் பழக்கத்தை மலையிலேயே விட்டுவிடுங்கள். 15 பாகையிலும் கிருமி பெருகும். அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் 60இலிருந்து 21க்கு இறங்கும். அடுத்த நான்கு மணித்தியாலத்தில் 5க்கு வந்துவிட வேண்டும்.

பெண் என்றால் சலட் பக்கமோ கேக் பக்கமோ தள்ளிவிடுவது எந்த நாட்டிலும் நடக்கும். கேக் வேலை குறைந்ததில்லை, ஆனால் ஹொட் கிச்சனில் நின்ற அனுபவம் இல்லாமல் மேலே போவது கஷ்டம். அடுப்புப் பக்கம் எத்தனை மாதம் என்று ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுவிடுங்கள். பாரம் தூக்க முடியாது என்பதுதான் அவர்கள் சொல்லும் சாட்டு. 40 லீற்றர் பானை நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 40 கிலோ, அதை ஆம்பிளையும் தனியாகத் தூக்கக்கூடாது. சிறு பானையால் மொண்டு பாதியாக்கி, இரண்டு பேராக இறக்குங்கள். பிடிதுணி காய்ந்ததாக இருக்கட்டும். ஈரத்துணியில் சூடு நேரே கைக்கு ஏறும்.