தைலம் 'தலைம்' ஆனபோது

மகளிர் குழு ஒன்றின் நீலகிரித் தைலப் புட்டிக்கு லேபிள் செய்துகொடுத்திருந்தேன். மாதிரித் தாளைப் பார்த்த அக்கா, "என்ன தம்பி, 'தலைம்' என்று இருக்கிறதே?" என்றார். தமிழில் ஐகாரக் கொம்பைத் தட்டச்சில் எழுத்துக்குப் பின் அடிக்கிறோம். திரையில் அது முன்னால் வந்து நிற்க வேண்டும். மாதச் சந்தா கட்டி நான் வைத்திருந்த வரைகலை மென்பொருள் அதை இடம் மாற்றவில்லை. தகரத்தின் கொம்பு லகரத்தோடு ஒட்டிக்கொண்டது. அமைப்புகளில் எங்கோ இதற்கு வழி இருந்ததாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்த ஐப்பசியில் கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டு இணையம் போனது. சந்தாவைச் சரிபார்க்க முடியாமல் மென்பொருளும் திறக்கவில்லை. நான் வரைந்த படம் என் கணினியிலேயே கிடந்தும் தொட முடியாத அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து இங்க்ஸ்கேப். 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச வரைகலை மென்பொருள். தமிழ் எழுத்துகள் எந்த அமைப்பையும் தொடாமலே சரியாக அமர்கின்றன. இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் துணிப்பை வேலைதான் எனக்கு அதிகம். நிறத்துக்கு ஓர் அடுக்காகப் பிரித்துக் கொடுத்தால் ஸ்கிரீன் அச்சுக்காரருக்கு அதுவே போதும்.

லேபிளைத் தகடு வைத்து அடிக்கும் ஆஃப்செட் அச்சில்தான் அடிபட்டேன். நான் வைத்திருக்கும் இங்க்ஸ்கேப் பதிப்பு, அச்சு மைக்கான நிறங்களில் அல்லாமல் கணினித் திரைக்கான நிறங்களிலேயே பி.டி.எஃப். தருகிறது. கோயம்புத்தூர் அச்சகத்தில் தேயிலைப் பச்சை மங்கிப்போனது. அதைவிட மோசம், கறுப்பு எழுத்து வண்ண அச்சின் நான்கு மையிலும் பிரிந்துவிட்டது. ஒரு மையின் தகடு நூலளவு விலகியதும் பொடி எழுத்துகளைச் சுற்றி நிழல் விழுந்தது. ஐந்நூறு லேபிள் வீண். இப்போது படத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோய், எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் என்று வைத்து, அச்சுக்கான பி.டி.எஃப். எடுக்கிறேன். அதுவும் இலவசம்தான். அதன் திரை அமைப்பு பழகச் சற்றுக் கடினம். ஒரு வாரம் பொறுங்கள்.

புகைப்படத்தைத் திருத்த கிம்ப். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளும் 2025 அக்டோபரில் இலவசமாகிவிட்டது, கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். நல்ல மென்பொருள்தான். ஆனாலும் கோப்பு அந்த நிறுவனத்தின் வடிவத்தில் அடைபடுவது எனக்கு ஒப்பவில்லை. இங்க்ஸ்கேப்பின் எஸ்.வி.ஜி. கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில்கூடத் திறந்து படிக்கலாம்.

எழுத்துருவுக்கும் காசு வேண்டாம். லேபிளின் பெயருக்குக் கட்டமரன், பொடி எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த விவரங்களை யாராவது கொண்டுவந்தால் முதலில் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவேன்.

தைல லேபிளின் கோப்புகளை அக்காவிடமே பென்டிரைவில் கொடுத்துவிட்டேன். சென்ற மாதம் விலை ஏறியபோது, அவருடைய மகளே ஸ்கிரைபஸில் எண்ணை மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.