அரைப்புள்ளியில் இருந்த டைம்கோடு

எடிட்டிங்கிற்காக 41 எம்ஓவி கிளிப்புகளுக்கு எடை குறைந்த புராக்சி நகல்கள் எடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் எல்லாமே 00:00:00:00 என்று தொடங்கின. படம் சரி, ஒலி சரி, டைம்கோடு மட்டும் இல்லை; அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (தனிப்படத்துக்கும்) மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம் என்று அடையாளம் தரும் எண். மாற்றித் தந்த மென்பொருள் அதை வழியிலேயே விட்டிருந்தது. தனி ரெக்கார்டரின் ஒலியைச் சேர்ப்பதும், கடைசியில் அசலோடு இணைப்பதும் டைம்கோடை நம்பித்தான். அப்படியே விட மனம் வரவில்லை.

அசல் கோப்பை, கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோபில் பார்த்தேன். வீடியோ, ஆடியோ தவிர டிஎம்சிடி என்று ஒரு சின்ன டிராக் இருந்தது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு எண் எழுதியிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. முதல் ஃபிரேமின் எண், வினாடிக்கு எத்தனை ஃபிரேம், டிராப் ஃபிரேமா (இடையிடையே சில எண்களைத் தாண்டி எண்ணும் முறையா) இல்லையா, அவ்வளவுதான். மிச்சத்தை மென்பொருளே எண்ணிக்கொள்கிறது. இது தெரிந்ததும் பெரிய நிம்மதி. தொடக்க எண்ணை எழுதிவிட்டால் போதும், மறுபடி ராத்திரி முழுக்க மாற்ற வேண்டியதில்லை.

கட்டளை கொடுத்து வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் இதற்கு டைம்கோடு என்றே ஒரு ஆப்ஷன் உண்டு. படத்தையும் ஒலியையும் காப்பி மட்டும் செய்யச் சொல்லி, அசலில் கண்ட 10:14:22;05 என்ற எண்ணைக் கொடுத்தேன். கட்டளை பாதியில் அறுந்தது. கட்டளை தட்டும் டெர்மினலுக்கு அரைப்புள்ளி (;) என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். சரி என்று அதை முக்காற்புள்ளியாக (:) மாற்றினேன், ஓடியது. முதல் ஃபிரேமில் அச்சாக அதே எண்.

20 நிமிட கிளிப் ஒன்றின் கடைசி ஃபிரேமை அசலோடு ஒப்பிட்டபோதுதான் உறைத்தது: 36 எண்கள் குறைவு. டிராப் ஃபிரேமுக்கு அடையாளமே அந்த அரைப்புள்ளிதான். வினாடிக்கு 29.97 ஃபிரேம் ஓடுவதை 30 என்று எண்ணிக்கொண்டே போனால், ஒரு மணி நேரத்தில் டைம்கோடு 3.6 வினாடி பின்தங்கும். அதை ஈடுகட்ட, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டுவார்கள்; 00, 10, 20 போன்ற பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. தாண்டுவது எண்ணைத்தான், ஃபிரேம் ஒன்றும் தொலைவதில்லை. 10 நிமிடத்துக்கு 18 என்றால் 20 நிமிடத்துக்கு 36. கணக்கு அப்படியே பொருந்தியதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் எண்ணை மேற்கோள் குறிக்குள் வைத்து, அரைப்புள்ளியோடு கொடுத்தேன். கடைசி ஃபிரேமும் ஒத்துப்போனது. அசலிலிருந்து எண்ணைப் படித்துப் புராக்சியில் எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டதும் 40 கிளிப்புகள் சில நிமிடங்களில் முடிந்தன.

மீதி ஒன்று படுத்தியது. முதல் இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டு எடுத்த புராக்சி அது, அசலின் தொடக்க எண் அதற்குச் செல்லாது. வெட்டிய இடத்தின் ஃபிரேமை அசலில் தேடிப்பிடித்து, அதன் எண்ணைக் கையால் எழுதினேன்.

இப்போது 41 புராக்சிகளும் அசலோடு இணைகின்றன. அடுத்து ரெக்கார்டரின் வேவ் கோப்புகள். அவற்றில் நேரம் ஃபிரேம் கணக்கில் இல்லை, நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் (வினாடிக்குப் பல ஆயிரம் முறை எடுக்கும் ஒலி அளவீடு) என்ற கணக்கில் இருக்கிறது.