போர் முடிந்து ஆறு மாதம் வரைக்கும்தான் என்று கட்டிய கட்டடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கட்டடங்களை எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். அதில் 20-ஆம் எண் கட்டடத்துக்கு இடிக்கிற வரைக்கும் ஒரு பெயர் வைக்கவில்லை. இடிக்கத்தானே போகிறோம், அதற்கு எதற்குப் பெயர்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940-இல் பிரிட்டனிலிருந்து விஞ்ஞானி டிசார்டு தலைமையில் ஒரு குழு அமெரிக்காவுக்கு வந்தது. கையில் கொண்டுவந்தது கேவிட்டி மேக்னட்ரான், அதாவது சக்திவாய்ந்த நுண்ணலைகளை உண்டாக்கும் ஒரு சின்னக் கருவி. விமானத்தில் ஏற்றுகிற அளவுக்குச் சின்ன ரேடார் செய்ய வேண்டுமானால் அதுதான் வழி. அதை வைத்து வேலை செய்ய எம்.ஐ.டி.யில் ரேடியேஷன் லேபரட்டரி தொடங்கினார்கள். உண்மையில் அணுக் கதிர்வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எதிரியைக் குழப்ப வைத்த பெயர். சில டஜன் பேரோடு ஆரம்பித்தது, போர் முடிவதற்குள் நாலாயிரத்தை நெருங்கிவிட்டது. இவ்வளவு பேரை எங்கே உட்கார வைப்பது? 1943-இல் அவசர அவசரமாக மூன்று மாடியில் ஒரு மரக் கட்டடம் எழுந்தது. டான் விஸ்டன் என்ற கட்டடக்கலைஞர் ஒரே பிற்பகலில் வரைந்து கொடுத்தார் என்பார்கள். இரும்பெல்லாம் போருக்குப் போய்க்கொண்டிருந்த காலம், அதனால் மரம். ஆனால் இவ்வளவு பெரிய மரக் கட்டடம் தீயணைப்பு விதிகளுக்கு ஒத்துவராது. போர் முடிந்து ஆறு மாதம் வரைக்கும்தான் இது நிற்கும், அப்புறம் எடுத்துவிடுவோம் என்று சொல்லி விலக்கு வாங்கினார்கள்.

எடுத்தது 1998-இல்.

போர் முடிந்ததும் நாடு திரும்பிய படைவீரர்கள் கல்லூரிகளில் வந்து குவிந்தார்கள், இடநெருக்கடி. இடிக்க நாள் குறிக்க யாருக்கும் மனமில்லை. அப்புறம் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்களையெல்லாம் இங்கே தள்ளிவிடும் பழக்கம் வந்துவிட்டது. கோடையில் வேகும், குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று வரும், நடந்தால் தரை கிறீச்சிடும். செல்வாக்கு உள்ள துறை எதுவும் இதைக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இங்கே குடியிருந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: மின்னணுவியல் ஆய்வகம், அணுக்கரு ஆய்வகம், ஒலியியல் ஆய்வகம், ரயில் பொம்மை விடுகிற மாணவர் கிளப். 1950-களில் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் மொழியியலைப் புரட்டிப்போட்ட வேலையைத் தொடங்கியதும் இந்தக் கட்டடத்தில்தான். தவளையின் கண் தன் மூளைக்கு என்ன சொல்லி அனுப்புகிறது என்ற புகழ்பெற்ற 1959 ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜெரோம் லெட்வினும் இங்கே இருந்தவர்தான். அமர் போஸ் (ஆமாம், அந்த ஸ்பீக்கர் போஸ்தான், அப்பா வங்காளி) ஒலியியல் பக்கம் சாய்ந்ததும் இந்தத் தாழ்வாரங்களில்தான்.

ரயில் கிளப் தனிக் கதை. மேலே மலை, பாலம், தண்டவாளம் என்று அழகாக இருக்கும். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் தொலைபேசி இணைப்பகங்களில் இருக்குமே, அந்த மாதிரி ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கொத்துக் கொத்தாய்த் தொங்கும். எந்த ரயில் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்வது அவைதான். மேலே வண்ணம் பூசுகிறவர்கள் ஒரு கட்சி, கீழே படுத்துக்கொண்டு வயர் கட்டுகிறவர்கள் இன்னொரு கட்சி. இந்த இரண்டாம் கட்சிதான் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த கணினிகளில் போய் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தது. 1962-இல் வந்த 'ஸ்பேஸ்வார்' என்ற கணினி விளையாட்டை எழுதியதும் இந்தக் கூட்டம்தான்.

இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, பல துறைக்காரர்கள் தாழ்வாரத்தில் எதேச்சையாக மோதிக்கொண்டார்கள், அதனால் புதுப் புது யோசனைகள் பிறந்தன என்பது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நீளமான தாழ்வாரம் எல்லா அரசு அலுவலகத்திலும்தான் இருக்கிறது. போருக்குப் பிறகு ராணுவத்திடமிருந்து ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியதை இந்தக் கதைகள் லேசாகத் தாண்டிப் போய்விடுகின்றன. பணத்துக்கு அடுத்தபடியாக எனக்குப் பெரிதாகத் தெரிவது, சுவரில் ஓட்டை போட யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது. வயர் இழுக்க வேண்டுமா, பலகையை அறு. இடம் போதவில்லையா, தடுப்பைப் பெயர்த்து எடு. எப்படியும் இடிக்கப் போகிற கட்டடம், யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

இதற்கு ஜெரால்டு சக்கரையாஸ் என்ற இயற்பியலாளர் உதாரணம். அணுக்களை வைத்து மிகத் துல்லியமாக நேரம் காட்டும் அணுக்கடிகாரத்துக்காக, சீசியம் என்ற உலோகத்தின் அணுக்களை நீரூற்று மாதிரி மேலே எறிந்து, அவை மெதுவாக விழும்போது அளக்கலாம் என்று நினைத்தார். அதற்கு மூன்று மாடி உயரத்துக்கு ஒரு உருளை வேண்டும். இரண்டு தளங்களின் தரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு அந்த உருளையை நிறுத்தினார். இந்த இடத்தில் பலரும் கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த ஊற்று வேலை செய்யவில்லை. மெதுவாகப் போகும் அணுக்களைப் பின்னால் வந்த வேகமான அணுக்கள் மோதிச் சிதறடித்துவிட்டன. லேசர் வைத்து அணுக்களைக் குளிர்விக்கக் கற்ற பிறகு, 1980-களின் கடைசியில்தான் அணு ஊற்று சாத்தியமானது. ஆனால் சக்கரையாஸ் சும்மா இருக்கவில்லை, கிடைத்த அனுபவத்தை வைத்துச் சின்னதாக, அணுக்களை மேலே எறியாமல் நேராகக் கற்றையாக ஓடவிடும் சாதாரண முறையில் ஒரு கடிகாரம் செய்தார். 1956-இல் 'அட்டமிக்ரான்' என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. தோற்கப் போகிற ஒரு சோதனைக்காகப் புதுக் கட்டடத்தில் இரண்டு தளத்தை வெட்டிக் கொள்ள எந்த நிர்வாகம் கையெழுத்துப் போடும்?

சரி, இடித்த இடத்தில் என்ன வந்தது? புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டேட்டா சென்டர், 2004-இல் திறந்தார்கள். சுமார் 30 கோடி டாலர் செலவு. பழைய கட்டடம் போலவே இதிலும் ஆட்கள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கட்டியது. சாய்ந்த சுவர், வளைந்த கோபுரம், பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. 2007-இல் தண்ணீர் ஒழுகுகிறது, பூஞ்சை பிடிக்கிறது என்று எம்.ஐ.டி. கெரியின் நிறுவனத்தின் மேலும் கட்டியவர்கள் மேலும் வழக்குப் போட்டது. 2010-இல் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். மொழியியல் துறை இப்போது அங்கேதான் இருக்கிறது. சாய்ந்த சுவரில் புத்தக அலமாரியை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.