யோபுவின் பழைய பிள்ளைகள்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், கிரிக்கெட் பற்றியோ கன்டீன் பற்றியோ இருந்தால் நல்லது என்று செயலாளர் கேட்டிருந்தார். பிக் மட்ச் கதைகளையும் மீன் ரோல்ஸ் கதைகளையும் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எங்கள் கிறிஸ்தவ சமய பாட மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். அவரை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது. சமய பாட நேரம் வந்தால் சைவப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் முஸ்லிம் பிள்ளைகள் இன்னொரு வகுப்புக்கும் போய்விடுவார்கள். மிஞ்சும் கொஞ்சப் பேர் கடற்கரைப் பக்கத்து அறையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். ரயில் போகும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்திக் காத்திருப்பார். அந்தப் பாதையில் ரயிலுக்குக் குறைவே இல்லை என்பதால் ஒரு அதிகாரம் முடிய ஒரு பாடம் முழுவதும் போகும்.

1983-ல் எங்களுக்கு வேதாகமத்திலுள்ள யோபுவின் புத்தகம் பாடமாக இருந்தது. ஜூலைக்கு முன்பே முதல் இரண்டு அதிகாரங்களை முடித்திருந்தோம். ஒரே நாளில் மாடும் ஒட்டகமும் வேலைக்காரரும் போகிறார்கள், பிறகு வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் போகிறார்கள். யோபு எழுந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்கிறான். இதைத்தான் எல்லாரும் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் இருந்தது.

பிறகு அந்தக் கிழமை வந்தது. ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கியது, 25-ம் திகதி கொழும்பு முழுவதும் எரிந்தது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். வெள்ளவத்தையில் மாஸ்டரின் வீடும் அப்படித்தான் போனது. அவரும் மனைவியும் பிள்ளைகளும் பின்மதிலால் ஏறி ஒரு சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் ஒளிந்திருந்து, பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து குடும்பம் 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது. அவரும் போனார். ஆனால் பள்ளிக்கூடம் திறந்ததும் தனியே திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் வேண்டுமே, அதுவும் ஒரு காரணம்தான்.

யாரோ கொடுத்த, தோள் தொங்கும் ஒரு சட்டையோடு வகுப்புக்கு வந்தார். அவருடைய வேதாகமம் வீட்டோடு எரிந்துவிட்டது. முன்வரிசைப் பையனின் புத்தகத்தை வாங்கி மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து, ஆளுக்கு ஐந்து வசனம் உரக்க வாசிக்கச் சொன்னார். "நான் பிறந்த நாள் அழிவதாக" என்று யோபு தொடங்குகிற அதிகாரம் அது. பிரசங்கங்களில் அதை நான் அதுவரை கேட்டதில்லை. முதல் இரண்டு அதிகாரங்களிலிருந்து நேரே கடைசி அதிகாரத்துக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் இருப்பது முப்பத்தொன்பது அதிகாரங்கள், அதில் பெரும்பகுதி யோபுவின் வழக்காடல்.

"இதுவும் வேதாகமம்தான்" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான் அன்றைய விளக்கம்.

அந்த வருடம் செப்டெம்பரில் குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க தன் மறைமாவட்டச் சபையில் பேசியதைப் பற்றியும் மாஸ்டர் எங்களுக்குச் சொன்னார். ஜூலையில் இங்கிலாந்தில் இருந்த ஆயர், உடல்நலம் சரியில்லாத நிலையிலும் திரும்பி வந்து பாதிக்கப்பட்ட மக்களைப் போய்ப் பார்த்தவர். ஒரு சிங்களவராக நின்று, நாங்கள் வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்று மாஸ்டர் பாடம் எடுக்கவில்லை. தன் வீடு எரிந்ததைப் பற்றி எங்கள் முன் கலங்காத மனிதர், அன்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவர் ஒரு சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். நட்டஈடு கேட்டு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காரியாலயம் கடிதங்களுக்குப் பதில் போடாமல் வருடக்கணக்கில் இழுத்தது. அவரும் விடவில்லை. கார்பன் தாள் வைத்து எழுதி, பிரதிகளை ஒரு ஃபைலில் கோத்து வைத்திருப்பார். "மேலே இருக்கிறவருக்கு ஒரு மனு, கீழே இருக்கிறவங்களுக்கு ஒரு மனு. இரண்டையும் நிறுத்தக்கூடாது தம்பி" என்பார். கடவுளை நம்புகிறவன் நியாயம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பல போதகர்கள் சொன்னார்கள். அவருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

வருடக் கடைசியில் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்கு வந்தோம். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்து, குற்றம் அவனுடையதுதான் என்று வாதாடிய நண்பர்களைக் கர்த்தர் கடிந்துகொள்கிறார். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்கு ஏச்சு, கடவுளோடு சண்டை பிடித்தவனுக்கு நற்சாட்சி. இந்த இடத்தை மாஸ்டர் ரசித்து ரசித்துப் படிப்பித்தார். பிறகு யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. 7000 ஆடு 14000 ஆகிறது, 3000 ஒட்டகம் 6000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் மறுபடி பத்துப் பேர்.

ஜூலையில் தகப்பனை இழந்த ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அதுவரை வாயே திறக்காதவன் எழுந்து கேட்டான்: "அப்ப பழைய பிள்ளைகள், சேர்?"

மாஸ்டர் வழமையான பதிலைச் சொன்னார். முதல் பத்துப் பேரும் கடவுளிடம் உயிரோடு இருக்கிறார்கள், ஆகவே பத்தும் பத்தும் இருபது, அதுவும் இரட்டிப்புத்தான் என்று வேத விளக்கக்காரர் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கு இந்தக் கணக்குப் போதாது தம்பி. நீ ஆண்டவரிடமே கேள். கோபத்தோட கேட்டாலும் பரவாயில்லை, கேட்காமல் மட்டும் இருந்திடாதே" என்றார். அப்புறம் மணி அடித்தது, கணித பாடத்துக்கு ஓடினோம்.

நான் கனடா வந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2014-ல் எங்கள் மூத்த மகன் இருபது வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். ஸ்காபுரோவில் எங்கள் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், பாத்திரம் கழுவித் தந்தார்கள். அவர்களை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். பேசியவர்களைத்தான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் எட்டாம் அதிகார வசனத்தை அந்த நாட்களில் என் மனைவியிடம் சொல்லாதவர்கள் குறைவு. பவுல் அதே அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறாரே, அதை ஒருவரும் சொல்லவில்லை. இன்னும் நன்றாக ஜெபித்திருக்கலாம் என்று ஒரு பெண்மணி சொன்னார். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொழும்பிலிருந்து மாஸ்டரின் கடிதம் வந்தது. எண்பதைத் தாண்டிய கை, எழுத்து நடுங்கியிருந்தது. வசனம் ஒன்றும் இல்லை. மகன் எதற்குச் சிரிப்பான், என்ன பாட்டுக் கேட்பான், தமிழ் பேசுவானா, உன்னோடு சண்டை பிடிப்பானா, எல்லாவற்றையும் எழுது, அவனை எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று கேட்டிருந்தார். நானும் மனைவியும் இரவிரவாக உட்கார்ந்து எழுதினோம். அவன் பருப்புக்கறியில் கெச்சப் ஊற்றிச் சாப்பிடுவதைப் பற்றி எழுதும்போது, சவ அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். மாஸ்டர் பதில் போட்டார், இன்னும் கேட்டார். கடைசியாக வந்த கடிதத்தின் ஓரத்தில் மட்டும் "சங்கீதம் 88" என்று ஒரு வரி. ஆறுதலான ஒரு சொல்கூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. ஆனால் தொடக்கம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான். இரண்டும் ஒரே மனிதனின் வாயில். என் விசுவாசம் பிழைத்திருக்கிறதென்றால் அந்த இடத்தில்தான்.

2019 ஓகஸ்டில் தெஹிவளையில் அவரைப் போய்ப் பார்த்தேன். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு வந்த ஓகஸ்ட். குண்டு வெடித்த கோயில்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு முதல்நாள்தான் போயிருந்தேன். ஜூனிலேயே திறந்துவிட்டார்கள். வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். செவ்வாய்க்கிழமை என்பதால் நல்ல சனம். சைவரும் சிங்களவரும்கூட மெழுகுதிரியோடு நின்றார்கள், அந்தக் கோயிலில் அது புதிதல்ல. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், புரொட்டஸ்தாந்துக்காரர்தான், அது சிலை வணக்கத்துக்கு வந்த தண்டனை என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்ததை மாஸ்டரிடம் சொன்னேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அதே நாளில் குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் எந்தச் சிலை இருந்தது, ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் எதை வணங்கினார்கள் என்று கேட்டார். லூக்கா பதின்மூன்றை எடுத்து வாசிக்கச் சொன்னார். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, "அப்படியல்ல" என்கிறார். "ஆண்டவரே இல்லை எண்டு சொன்ன பிறகு இவன் யார்?" என்றார் மாஸ்டர்.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்குப் போட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததை அவர் பார்க்கவில்லை. கொரோனாக் காலத்தில் போய்விட்டார். அடக்க ஆராதனையை நாங்கள் ஸூமில் பார்த்தோம், இடையிடையே சத்தம் நின்று நின்று வந்தது. மனு ஃபைல் இப்போது மகளிடம் இருக்கிறது. 1983 வீட்டுக்குக் கடைசியில் ஏதோ ஒரு தொகை கிடைத்ததாம், ஒரு அறைக்குக் கூரை போடவும் காணாது.

போன வருடம் எங்களுக்குப் பேரன் பிறந்தான். மூத்தவனே திரும்பி வந்துவிட்டான் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அன்பினால் சொல்வது, நான் ஒன்றும் சொல்வதில்லை. பேரன் பேரன்தான். மகனைப் பற்றிய கேள்வியை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்க வேண்டியவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மாஸ்டர் பெயரில் சமய பாடத்துக்கு ஒரு பரிசு தொடங்கலாமா என்று சங்கத்தில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தொடங்குங்கள், முதல் நூறு டொலர் என்னுடையது. ஒரே ஒரு நிபந்தனை. பரிசளிப்பு அன்று ஒரு பிள்ளை மேடையில் யோபு மூன்றாம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். நேரம் போதாது என்று சொல்லாதீர்கள், அதிபர் உரையைக் கொஞ்சம் வெட்டலாம்.