ஹானர்ஸ் வகுப்பு எடுத்தால் கோர் முடியுமா? டெக்சஸில் பட்ட பாடு

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் எதில் இளங்கலை படித்தாலும் கோர் என்ற 42 கிரெடிட் கட்டாயப் பொதுப் பாடங்களிலிருந்து தப்ப முடியாது. நன்றாகப் படிப்பவர்களுக்கான சிறப்புத் திட்டமான ஹானர்ஸில் சேர்ந்தால் அந்த 42-க்குள்ளேயே ஹானர்ஸ் வகுப்புகளையும் முடித்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கலாம் என்பார்கள். அடிக்கலாம்தான். எந்த ஹானர்ஸ் வகுப்பு கோரில் சேரும், எது சேராது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். எனக்குக் கிடைத்த பதில் தவறு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விண்ணப்பம், கட்டுரை, அனுமதிக் கடிதம் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. மற்றவர்களுக்கு முன்பே ரிஜிஸ்டர் செய்யும் உரிமையும் கிடைத்தது. ஹானர்ஸில் உருப்படியான சலுகை என்றால் என்னைக் கேட்டால் அதுதான்.

சிக்கல் ஹானர்ஸ் செமினாரில் வந்தது. இலக்கியம், தத்துவம், வரலாறு கலந்த நல்ல வகுப்பு, பேராசிரியரும் அருமை. "இது மொழி, தத்துவம், பண்பாடு பிரிவில் சேர்ந்துவிடும்" என்று ஹானர்ஸ் அலுவலகத்தில் உறுதியாகச் சொன்னார்கள். கிரேடு வந்த பிறகு எந்தத் தேவை முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட்டைத் திறந்தால் வகுப்பு கடைசிப் பெட்டியில், ஃப்ரீ எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிரிவின் கோர் எண்ணான 040 என்ற வரியில் மட்டும் சிவப்பு எழுத்தில் "இன்னும் 3 கிரெடிட் தேவை". ஹானர்ஸ் அலுவலகம் துறை அட்வைசரைக் கைகாட்டியது, அவர் ரிஜிஸ்ட்ராரைக் காட்டினார். அங்கே ஒரு பெட்டிஷன் படிவம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்ததற்கு வந்த பதில் ஒரே வரி: கோர் பட்டியலில் இல்லாத பாடம், மாற்ற இயலாது.

இதில் இருக்கும் விதியை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மேஜர், அதாவது முதன்மைத் துறைப் பாடத்துக்குப் பதிலாக வேறொன்றை ஏற்க வேண்டுமென்றால் துறைத் தலைவர் கையெழுத்தே பெரும்பாலும் போதும். கோர் அப்படி இல்லை. எந்தெந்தப் பாடம் கோரில் வரும் என்ற பட்டியலைப் பல்கலைக்கழகம் டெக்சஸ் உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறது. அதில் இல்லாததை நடுவில் நுழைக்க அட்வைசரால் முடியாது. ஹானர்ஸ் செமினார்களோ பெரும்பாலும் 'ஸ்பெஷல் டாபிக்ஸ்' எண்ணில் நடப்பவை. எண் மாறாது, தலைப்பு செமஸ்டருக்குச் செமஸ்டர் மாறும். அப்படிப்பட்ட பாடம் பட்டியலில் இருப்பது அரிது.

ஆகவே ஹானர்ஸைக் குறிக்கும் எச் என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வகுப்பு விவரத்தைத் திறந்து, அறை எண், இருக்கை எண்ணிக்கை எல்லாம் தாண்டிக் கீழே போனால் ஆட்ரிப்யூட் என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். பெரும்பாலான இடங்களில் கோர் எண் அதில்தான் இருக்கும். 010 கம்யூனிகேஷன் 6 கிரெடிட், 020 கணிதம் 3, 030 அறிவியல் 6, 040 மொழி-தத்துவம்-பண்பாடு 3, 050 கலை 3, 060 அமெரிக்க வரலாறு 6, 070 அரசியல் 6, 080 சமூக அறிவியல் 3, 090 கூடுதல் பிரிவு 6. இந்த எண் இல்லையென்றால் அந்த வகுப்பு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கோர் கணக்கில் பூஜ்யம். நீங்கள் எடுக்கும் செமஸ்டரின் பட்டியலைப் பாருங்கள். சீனியர் போன வருடம் எடுத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பாடம் இரண்டு எண்களில் இருந்தாலும் உங்கள் கணக்கில் ஒன்றுக்குத்தான் சேரும்.

எலெக்டிவாகப் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஃப்ரீ எலெக்டிவ் என்று இடமே கிட்டத்தட்ட இல்லை. டிகிரியில் ஒட்டாத பாடத்துக்கு ஃபெடரல் நிதியுதவியும் கணக்கில் வராது. அளவுக்கு மீறி கிரெடிட் சேர்ந்தால் டெக்சஸ்வாசிகளுக்கான குறைந்த கட்டணத்துக்கும் ஆபத்து: டிகிரிக்குத் தேவையானதற்கு மேல் 30 கிரெடிட் தாண்டினால் கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம்.

எனக்குச் சிக்கலே இல்லாமல் சேர்ந்தது வழக்கமான பாடத்தின் ஹானர்ஸ் செக்‌ஷன். வரலாறு 1301 என்றால் அதே எண், அதே 060, முந்நூறு பேர் ஹாலுக்குப் பதில் இருபது பேர் அறை, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவுக்குப் பதில் கட்டுரை. இடம் சட்டென்று நிரம்பிவிடும். ரிஜிஸ்ட்ரேஷன் திறக்கும் நிமிடத்திலேயே உட்காருங்கள். அதற்கு முன் அட்வைசிங் ஹோல்ட், தடுப்பூசி ஹோல்ட் என்று ரிஜிஸ்டர் செய்யவிடாத தடை ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். முன்னுரிமை இருந்தும் ஹோல்டால் இடம் போனவர்கள் நிறைய.

செக்‌ஷன் கிடைக்காவிட்டால் ஹானர்ஸ் கான்ட்ராக்ட். சாதாரண கோர் வகுப்பிலேயே பேராசிரியருடன் பேசி, கூடுதலாக ஓர் ஆய்வுக் கட்டுரையோ ப்ராஜெக்டோ செய்வதாக எழுதிக் கையெழுத்து வாங்குவது. பாடம் ஏற்கெனவே பட்டியலில் இருப்பதால் கோர் கணக்குக்கு ஆபத்தே இல்லை. படிவத்துக்குக் கெடு செமஸ்டரின் ஆரம்ப வாரங்களிலேயே முடிந்துவிடும். கடைசியில் "முடித்தார்" என்று பேராசிரியர் மறுபடி உறுதி செய்யவேண்டும். அதை அவர் மறந்தால் வேலை செய்தும் ஹானர்ஸ் குறிப்பு ஏறாது. கிரேடு போடும் வாரத்தில் ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

பள்ளியிலேயே ஏபி தேர்வு எழுதிக் கல்லூரி கிரெடிட் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம். டெக்சஸில் ஃப்ரிஸ்கோ, கேட்டி பக்கம் பள்ளி முடித்து வரும் நம் பிள்ளைகள் கை நிறைய ஏபியோடு வருகிறார்கள். எல்லாவற்றையும் கோரில் ஏற்றிவிட்டால் ஹானர்ஸ் வகுப்பு எடுக்கக் கோரில் இடமே மிஞ்சாது. ஹானர்ஸ் கணக்கை மேஜரில்தான் தேடவேண்டும். ஏபி வரலாற்றை ஏற்றிவிட்டு ஹானர்ஸ் வரலாற்றையும் எடுத்தால் இரண்டில் ஒன்றுக்குத்தான் கிரெடிட். ஏற்றிய பிறகு நீக்க முடியாத இடங்களும் உண்டு. எனவே முதலில் ஹானர்ஸுக்கு எத்தனை கிரெடிட் வேண்டும் என்று எண்ணிவிட்டு, பிறகு ஏபி கிரெடிட்டைக் கேளுங்கள்.

பள்ளியில் போல ஹானர்ஸுக்கென்று ஜிபிஏவில் கூடுதல் எடை கல்லூரியில் கிடையாது. பி வாங்கினால் 3.0தான். ஒத்துவராது என்று தோன்றினால் செமஸ்டரில் வகுப்பு நடக்கும் 12-ஆவது நாளுக்குள் விலகிவிடுங்கள், மதிப்பெண் பட்டியலான ட்ரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் டபிள்யூ, அதாவது விலகியதற்கான குறிப்பு ஏறும். அரசுக் கல்லூரிகளில் இளங்கலை முழுவதற்கும் ஆறு டபிள்யூதான் அனுமதி.

அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும் பாட எண், செக்‌ஷன், செமஸ்டர், கோர் எண் நான்கையும் போட்டு, "இது 040-க்குச் சேரும் என்று உறுதி செய்யவும்" என மெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சை வைத்துப் பெட்டிஷன் நிற்காது. வகுப்பில் பெயர் ஏறியதுமே டிகிரி ஆடிட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாடம் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எனக்கு விடுபட்ட 040-ஐக் கடைசியில் கோடையில் சமூகக் கல்லூரியில் தத்துவம் 1301 எடுத்து அடைத்தேன். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான எண் உள்ள பாடம் என்பதால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள், கட்டணமும் குறைவு. ஏபி அரசியல் எழுதியவர்களுக்கும் இதே வழி உதவும்: அந்தத் தேர்வில் டெக்சஸ் அரசியல் சட்டம் வராது, அதனால் 070-இல் 3 கிரெடிட் பாக்கி நிற்கும், டெக்சஸ் அரசியல் பாடமான கவர்மென்ட் 2306-ஐச் சமூகக் கல்லூரியிலேயே முடித்துவிடலாம். ட்ரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லி நீங்கள்தான் கேட்கவேண்டும், தானாக வராது.