தடியில் இருக்கும் கன அடி, பலகையில் வரும் கன அடி

மரத்தடியை அளந்து எழுதிய கன அடியும், அறுத்து அடுக்கியபின் எண்ணிப் பார்க்கும் கன அடியும் ஒருநாளும் ஒத்துவராது. எங்கே, எவ்வளவு குறைகிறது என்பதை 10 அடி நீளத் தடி ஒன்றை வைத்தே சொல்கிறோம்.

நடுவில் டேப் சுற்றினால் பட்டையோடு 51 இன்ச். பட்டை அரை இன்ச் கனம். அதைச் செதுக்கிவிட்டு அளந்தால் 48தான். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144 ஆல் வகுக்க வேண்டும்: 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. பட்டையோடு கணக்கிட்டிருந்தால் 11.3 என்று வந்திருக்கும். விலை பேசும் முன் பட்டையைக் கழிப்பது அதனால்தான் அவசியம். இந்த நாலிலொரு பங்குக் கணக்கு, உருளையின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். விளிம்புக் கழிவை ஓரளவு முன்கூட்டியே தள்ளிவிடுகிறது, அவ்வளவே. ரம்பம் தின்பது, அதாவது வெட்டில் தூளாகப் போவது, அதில் சேராது.

அடுத்து நுனிப் பக்கம். அடிமுனை எவ்வளவு பருத்திருந்தாலும் முழுநீளச் சட்டத்தை நுனியின் விட்டம்தான் தீர்மானிக்கும். இந்தத் தடியில் அது 14 இன்ச். 1.414 ஆல் வகுத்தால், அந்த வட்டத்துக்குள் அடங்கும் 9.9 இன்ச் சதுரம். அப்படியே உத்தரமாக எடுத்தால் 6.8 கன அடி. நாலு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு இன்ச் கனப் பலகை, ஆறரை இன்ச் அகலத்தில் கிடைக்கும். அது இன்னொரு 1.8.

அதே சதுரத்தைப் பலகையாகப் போட்டால் கதை மாறுகிறது. காய்ந்தபின் 1 இன்ச் நிற்க, பச்சையில் 1 இன்ச் 1 நூல் (ஒரு நூல் என்பது 1/8 இன்ச்) அறுக்க வேண்டும். வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 2 நூல் தின்றால் 7 பலகை, 4.8 கன அடி. 2 மி.மீ. தின்னும் பேண்ட் சாவில் (நாடா ரம்பத்தில்) 8 பலகை, 5.5. மில்லில் ரம்பத்தின் கனத்தைக் கேட்காமல் மதிப்புப் போடவே கூடாது.

பொந்துதான் அதிகம் ஏமாற்றும். முனையில் 4 இன்ச் ஓட்டை தெரிந்தால், சுற்றியுள்ள மக்கலையும் சேர்த்து 5 இன்ச் சதுரமாகக் கழிக்கிறோம். தடி முழுக்க ஓடினால் 1.7 கன அடி போச்சு. எதுவரை ஓடுகிறது என்று கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். கோடாலிப் பின்புறத்தால் தட்டிக்கொண்டே வந்தால், கெட்டியான இடத்தில் கணீரென்றும் மக்கிய இடத்தில் தொப்பென்றும் கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுவது நல்லது.

கோணல் தடியை நீளமாகவே அறுக்க ஆசைப்படாதீர்கள். 2 இன்ச் வளைந்திருந்தால் ஏறக்குறைய 2 இன்ச் அகலம் போகும். வேலைக்கு 5 அடித் துண்டு போதுமென்றால், வளைவிலேயே குறுக்கே அறுத்துவிட்டு, இரண்டையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்.